வெள்ளை டி-சர்ட்டில் சுருள் வண்ணம்: டை அண்ட் டை முதன்முறை செய்பவர்களுக்கு

கோடை விடுமுறை வந்துவிட்டால் யாராவது ஒருவர் பழைய வெள்ளை டி-சர்ட்டை எடுத்து, ரப்பர் பேண்ட் சுற்றி, சாயம் ஊற்றிப் பார்ப்பது இப்போது பல வீடுகளில் நடக்கிறது. அன்று சாயங்காலம் சட்டை பார்க்க அட்டகாசமாக இருக்கும். முதல் சலவையில் பாதி நிறம் வாளித் தண்ணீரோடு போய்விடும். மீதி நிறம் வெள்ளைப் பகுதியில் ஏறி, எல்லாம் சேர்ந்து ஒரே மங்கல் ரோஸாகிவிடும். “உப்பும் வினிகரும் போட்டு ஊற வைத்தேனே, அப்புறமும் ஏன் போகிறது?” என்று கேட்பார்கள். இந்தக் கட்டுரையைப் பெரும்பாலும் அந்தக் கேள்விக்காகத்தான் எழுதுகிறேன்.

டை அண்ட் டையில், அதாவது துணியைக் கட்டிச் சாயம் ஏற்றுவதில், இரண்டு வேலைகள் இருக்கின்றன. துணியின் சில இடங்களுக்குச் சாயம் போகாமல் தடுப்பது ஒன்று. போன இடத்தில் அதை நிலையாக நிற்க வைப்பது இன்னொன்று. முதலாவது கைவேலை, இரண்டாவது வேதியியல். மடிப்பு கொஞ்சம் கோணலாகப் போனால் ஒன்றும் குடி முழுகிவிடாது, அந்தக் கோணலே ஒரு வடிவமாக வரும். வேதியியலில் ஒரு பொருள் மாறிப்போனால் மொத்த உழைப்பும் வீண். ஆனால் வீடியோக்களில் மடிப்பைப் பத்து நிமிடம் காட்டிவிட்டு, சாயம் நிற்கும் விஷயத்தை ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள். அதனால் இங்கே சாயத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன்.

தடுக்கும் கலை

இந்தத் தடுப்பு வேலை நமக்குப் புதிதில்லை. மதுரைச் சுங்குடிச் சேலை முழுக்க முழுக்க இதே தத்துவம். குஜராத் பக்கமிருந்து வந்து மதுரையில் குடியேறிய சௌராஷ்டிர மக்களின் கைவேலை அது. பெண்கள் துணியை நகநுனியால் கிள்ளித் தூக்கி, நூலால் இறுக்கிச் சுற்றி, ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சுப் போடுவார்கள். பிறகு மொத்தச் சேலையையும் சாயத்தில் முக்குவார்கள். நூல் சுற்றிய இடத்துக்குச் சாயம் போகாது. காய்ந்தபின் முடிச்சை அவிழ்த்தால் அந்த இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி. 2005-இல் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

இன்று சுங்குடி என்ற பெயரில் விற்பவற்றில் பல அச்சுப் புள்ளிகள்தாம். கையில் கட்டிய புள்ளியைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. ஓரம் கத்தரித்தாற்போல் நேராக இல்லாமல் கொஞ்சம் கசிந்திருக்கும். சில புள்ளிகளின் நட்டநடுவில் கடுகளவு நிறம் தெரியும், ஏனென்றால் கிள்ளிய நுனி நூலுக்கு மேலே எட்டிப் பார்த்து அதில் சாயம் ஏறியிருக்கும். துணியைத் தடவினால் முடிச்சு இருந்த இடம் லேசாகப் புடைத்திருப்பது விரலுக்குத் தெரியும். அச்சடித்ததில் இந்த அடையாளம் எதுவும் இருக்காது. இதைச் சும்மா ரசனைக்காகச் சொல்லவில்லை. நீங்கள் வீட்டில் போடும் ரப்பர் பேண்டும் இதையேதான் செய்கிறது. இறுக்கம் இருக்கும் இடத்துக்குள் சாயம் போகாது, தளர்ந்த இடத்தில் கசியும். வடிவம் என்பதே இறுக்கத்தின் வரைபடம்.

குஜராத், ராஜஸ்தானின் பந்தனி, ஜப்பானின் ஷிபோரி, நைஜீரியாவின் யோருபா மக்கள் செய்யும் அடிரே, எல்லாம் இதே குடும்பம்தான். சுருள்சுருளாகப் பல வண்ணம் ஓடும் டி-சர்ட் மட்டும் 1960-களில் அமெரிக்க ஹிப்பி இளைஞர்களால் பிரபலமானது. நாம் வீட்டில் செய்யப் போவதும் அதைத்தான்.

எந்தத் துணி

நூறு சதவீதம் பருத்தி. இதில் மட்டும் சமரசம் வேண்டாம். நான் சொல்லப்போகும் சாயம் இந்த முறையில் செல்லுலோஸ் என்ற தாவரப் பொருளோடுதான் நன்றாகச் சேரும். பருத்தி செல்லுலோஸ். ரேயான், விஸ்கோஸ், லினன் ஆகியவையும் செல்லுலோஸ்தான், அவற்றிலும் நன்றாக வரும். பாலியஸ்டர் ஒருவகை பிளாஸ்டிக், அதில் இந்தச் சாயம் ஒட்டவே ஒட்டாது, கழுவினால் அப்படியே வெளியே வந்துவிடும். பாதிப் பருத்தி பாதி பாலியஸ்டர் என்றால் பருத்தி இழைகள் மட்டும் நிறம் பிடித்து, மொத்தத்தில் வெளிறிய நிறம் கிடைக்கும்.

லேபிள் இல்லாத சட்டையாக இருந்தால் உள்தையலில் இருந்து ஓரிரு இழை பிய்த்து எரித்துப் பாருங்கள். தையல் நூலை எடுக்க வேண்டாம், துணியின் இழையை எடுங்கள். பருத்தி என்றால் காகிதம் எரியும் வாசனை வரும், விரலால் தேய்த்தால் சாம்பல் பொடியாகிவிடும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியபின் கெட்டியான கருமணியாக நிற்கும். பருத்திச் சட்டையிலும் தையல் நூல் பெரும்பாலும் பாலியஸ்டராகவே இருக்கும். எல்லாம் முடிந்தபின் கழுத்து, கை ஓரத் தையல் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தால் கவலைப்படாதீர்கள், உங்கள் சாயத்தில் குறை ஒன்றும் இல்லை.

புதுச் சட்டையானாலும் ஒருமுறை சுடுதண்ணீரில் சோப்புத்தூள் போட்டு அலசிவிடுங்கள். புதுத்துணியில் ஆலையில் ஏற்றிய கஞ்சி, மென்மையாக்கும் பூச்சு எல்லாம் இருக்கும். அது இருக்கும் இடத்தில் சாயம் திட்டுத்திட்டாக ஏறும். அலசும்போது வாசனைக்காக ஊற்றும் கண்டிஷனர் வேண்டாம்.

எந்தச் சாயம்

இங்கேதான் பெரும்பாலானவர்களுக்குத் தவறுகிறது. கடையில் “துணிச் சாயம்” என்று கேட்டால் இரண்டு வேறுவேறு பொருட்களில் எது வேண்டுமானாலும் கிடைக்கலாம்.

முதல் வகை, கொதிக்கும் தண்ணீரில் கரைத்து உப்புப் போட்டுத் துணியை முக்கும் சாயம். வெளுத்த பேண்ட்டுக்கு மறுபடி கறுப்பு ஏற்ற நம் வீடுகளில் வாங்கும் சின்னப் பொட்டலங்கள் பெரும்பாலும் இந்த வகை. இதன் மூலக்கூறுகள் இழையோடு ஒட்டிக்கொண்டு இருக்குமே தவிர, அதனோடு சேர்ந்து ஒன்றாகிவிடாது. ஒவ்வொரு சலவையிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று வரும். ஒரே நிறச் சட்டையென்றால் வெளுத்தாலும் பரவாயில்லை. நீலமும் மஞ்சளும் வெள்ளையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் சட்டையில், கழன்ற நீலம் நேராக வெள்ளையில் போய் உட்காரும்.

இரண்டாவது வகை ரியாக்டிவ் சாயம். அதிலும் சூடு தேவைப்படாத வகை. சாயக் கடைகளில் “கோல்டு பிராண்டு” என்றோ “ரியாக்டிவ் எம்” என்றோ கேட்டால் கொடுப்பார்கள். புரோசியான் எம்எக்ஸ் என்ற பெயரிலும் இது பிரபலம். திருப்பூர், ஈரோடு, கரூர் பக்கம் இருப்பவர்களுக்கு இதைத் தேடி அலைய வேண்டியதே இல்லை. மற்ற ஊர்க்காரர்கள் ஆன்லைனில் சின்னச் சின்ன டப்பாக்களாக வாங்கலாம். “ஹாட் பிராண்டு” என்று இன்னொன்றும் உண்டு. அது ஆவியோ கொதிநீரோ கேட்கும், நமக்கு வேண்டாம்.

இந்தச் சாயத்துக்குப் பின்னால் ஒரு நல்ல வரலாறு இருக்கிறது. 1856-இல் வில்லியம் பெர்கின் என்ற பதினெட்டு வயது இங்கிலாந்து இளைஞர் மாவ் என்ற ஊதாச் சாயத்தைத் தற்செயலாகக் கண்டுபிடித்தார். செயற்கைச் சாயத் தொழில் அதிலிருந்துதான் தொடங்கியது. சரியாக நூறு வருடம் கழித்து, 1956-இல், ஐசிஐ என்ற பிரிட்டிஷ் நிறுவனம் புரோசியான் சாயங்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அங்கே வேலை செய்த ராட்டீ, ஸ்டீபன் என்ற இரண்டு வேதியியலாளர்களின் கண்டுபிடிப்பு அது. அதுவரை பருத்திக்குப் போட்ட சாயங்கள் இழையின் மேல் ஒட்டியோ, இழைக்குள் சிக்கிக்கொண்டோ நின்றன. இந்தச் சாயத்தின் மூலக்கூறுதான் பருத்தியோடு வேதிப்பிணைப்பே போட்டுக்கொண்டது. பழைய வகைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் ஸ்டிக்கர் பொட்டுக்கும் பச்சை குத்தியதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

சோடாதான் எல்லாம்

அந்தப் பிணைப்பு தானாக நடக்காது. சாயத் தூளைத் தண்ணீரில் கரைத்துப் பருத்தியில் ஊற்றினால், வெறுமனே நனைந்து நிற்கும். பருத்தியின் செல்லுலோஸ் சங்கிலி நெடுகிலும் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த சின்னச் சின்னக் கொக்கிகள் இருக்கின்றன. சாதாரணத் தண்ணீரில் அவை சும்மா இருக்கும். தண்ணீர் நல்ல காரத்தன்மைக்கு மாறினால், அதாவது காரத்தை அளக்கும் பி.எச். எண் 10.5 அல்லது 11-ஐ ஒட்டி வந்தால், சில கொக்கிகளில் இருந்து ஹைட்ரஜன் கழன்று அவை துடிப்பாகிவிடும். சாய மூலக்கூறின் ஒரு முனையில் குளோரின் அணுக்கள் இருக்கும். துடிப்பான கொக்கி ஒரு குளோரினைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் தான் சேர்ந்துகொள்ளும். அவ்வளவுதான், சாயம் இனி துணியின் ஒரு பகுதி.

அந்தக் காரத்தைக் கொடுப்பது சலவை சோடா. வேதியியல் பெயர் சோடியம் கார்பனேட், சாயக் கடையில் சோடா ஆஷ் என்பார்கள். சமையலறையில் இருக்கும் ஆப்ப சோடா இது இல்லை. அது சோடியம் பைகார்பனேட், அதன் காரம் மிகவும் லேசானது, இந்த வேலைக்குப் போதாது. பெயரில் சோடா இருக்கிறதே என்று அதைப் போட்டுவிட்டு நிறம் நிற்கவில்லை என்று வருந்துபவர்கள் நிறைய.

இப்போது வினிகர் விஷயத்துக்கு வருவோம். வினிகர் அமிலம். பட்டு, கம்பளி போன்ற விலங்கு இழைகளுக்கு அமிலச் சாயம் போடும்போது அது தேவைப்படும். பருத்தியில் போட்டால் நாம் பாடுபட்டு ஏற்றிய காரத்தையே அது அழித்துவிடும், பிணைப்பு நின்றுபோகும். உதவாததோடு உபத்திரவமும் கூட.

உப்புக்கு ஒரு வேலை இருக்கிறது, ஆனால் அது நிறத்தை “நிறுத்துகிற” வேலை இல்லை. பெரிய தொட்டித் தண்ணீரில் கொஞ்சம் சாயம் கரைந்து கிடக்கும்போது, அதைத் தண்ணீரிலிருந்து துணியை நோக்கித் தள்ளுவதற்கு உப்பு உதவும். சாயப் பட்டறைகளில் மூட்டை மூட்டையாக உப்புப் போடுவது அதற்குத்தான். நொய்யல் ஆறு பாழானதில் சாய நிறத்தைவிட இந்தக் கரைந்த உப்புக்குப் பெரிய பங்கு உண்டு. நிறம் கண்ணுக்குத் தெரியும், உப்பு தெரியாது, ஆனால் நிலத்தையும் கிணற்றையும் கெடுப்பது அதுதான். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப் பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்கு அது போனது. நாம் செய்வதோ, அடர்த்தியான சாயத்தை நேராகத் துணியின் மேலேயே ஊற்றும் முறை. சாயம் ஏற்கெனவே இழைக்குப் பக்கத்தில் இருப்பதால் தள்ளிவிட ஆள் தேவையில்லை. ஆகவே உப்பே வேண்டாம்.

செய்து பார்ப்போம்

முதலில் பாதுகாப்பு. கரைத்தபின் இந்தச் சாயத்தால் பெரிய தொல்லை இல்லை, கையுறை போதும். தூளாக இருக்கும்போதுதான் கவனம் தேவை. மூச்சில் திரும்பத் திரும்ப உள்ளே போனால் சிலருக்கு ஆஸ்துமா போன்ற ஒவ்வாமை வரும். தூளை அளக்கும்போது ஃபேனை நிறுத்திவிடுங்கள், மாஸ்க் போடுங்கள், பிள்ளைகளை அந்தப் பத்து நிமிடம் வேறு அறைக்கு அனுப்புங்கள். கரைத்து பாட்டிலில் ஊற்றியபின் அவர்களைக் கூப்பிடலாம். சாயத்துக்குப் பயன்படுத்திய கரண்டி, கிண்ணம் மறுபடி சமையலறைக்குப் போகக் கூடாது. அலுமினியப் பாத்திரத்தில் சோடாக் கரைசல் வைக்காதீர்கள், அரித்துவிடும். பிளாஸ்டிக் வாளி நல்லது.

இரண்டு, மூன்று டி-சர்ட்டுக்கு மூன்று லிட்டர் சோடாத் தண்ணீர் போதும். லிட்டருக்குச் சுமார் 60 கிராம் சோடா ஆஷ் தூள். கடையில் தூளாக இல்லாமல் பளபளப்பான படிகக் கட்டியாகக் கொடுத்தால், அதன் எடையில் 60 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான் இருக்கிறது என்று அர்த்தம். அப்படியானால் லிட்டருக்கு 160 கிராம் வரை போட வேண்டும். கடைக்காரர் எதைக் கொடுத்தார் என்று பார்க்காமல் அளவை மட்டும் பின்பற்றினால் நிறம் வெளிறிப்போகும்.

சாயத்துக்கு, ஒரு நிறத்துக்கு 250 மில்லி தண்ணீர், இரண்டு டீஸ்பூன் தூள். கறுப்புக்கு இரண்டு மடங்கு. தூளை முதலில் ஒரு ஸ்பூன் வெதுவெதுப்பான தண்ணீரில் குழைத்துப் பசையாக்கி, அப்புறம் மீதித் தண்ணீரைச் சேர்த்தால் கட்டி தட்டாது. கொதிநீர் ஊற்றாதீர்கள், சாயத்தின் சக்தி வீணாகிவிடும். போர் தண்ணீர் கடினமாக இருக்கும் ஊர்களில் சாயம் கரைக்க மட்டும் ஆர்.ஓ. தண்ணீர் எடுங்கள். கடினநீரில் உள்ள கால்சியம் நிறத்தை மங்கலாக்கும். உரக் கடை யூரியா கிடைத்தால் ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஒரு டேபிள்ஸ்பூன் கரைத்துச் சேர்க்கலாம். துணி சீக்கிரம் காயாமல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். இல்லாவிட்டாலும் குடி முழுகாது. ஓட்டல் மேசையில் தக்காளி சாஸ் வைக்கும் கூர்மூக்கு பாட்டில்தான் இந்த வேலைக்குச் சரியான ஆயுதம்.

சோடாவைச் சாய பாட்டிலுக்குள் போட்டுவிடலாமே என்று தோன்றும். போட்டால் சாயம் தண்ணீரோடேயே வினைபுரிய ஆரம்பித்துவிடும், கொஞ்ச நேரத்தில் துணியோடு சேரும் சக்தி போய்விடும். அதனால்தான் சோடாவைத் துணியில் ஏற்றுகிறோம், சாயத்தைத் தனியாக வைக்கிறோம். இரண்டும் துணிக்குள்ளேதான் சந்திக்க வேண்டும்.

நிறத்தேர்வுக்கு ஆரம்பத்தில் மூன்றே நிறம் வாங்குங்கள்: மெஜந்தா, டர்க்காய்ஸ் நீலம், லெமன் மஞ்சள். பக்கத்துப் பக்கத்தில் எந்த இரண்டு வந்தாலும் கசிந்து கலக்கும் இடத்தில் நல்ல நிறமே பிறக்கும். மஞ்சளும் டர்க்காய்ஸும் பச்சையாகும், மஞ்சளும் மெஜந்தாவும் ஆரஞ்சாகும், டர்க்காய்ஸும் மெஜந்தாவும் ஊதாவாகும். மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்தால் பழுப்பு. பச்சைக்குப் பக்கத்தில் சிவப்பு, ஊதாவுக்குப் பக்கத்தில் மஞ்சள் என்று வைத்தாலும் அதே பழுப்புதான் வரும், ஏனென்றால் அங்கேயும் மூன்று நிறமும் ஒளிந்திருக்கின்றன.

இனி சுருள் வடிவம். சட்டையைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, ஈரத்தோடு மேசையில் விரித்து நீவிவிடுங்கள். சுருளின் மையம் எங்கே வேண்டுமோ அங்கே, நெஞ்சுக்கு நடுவிலோ இடது தோளுக்குக் கீழேயோ, இரண்டு விரலால் கிள்ளிப் பிடியுங்கள். பிடியை விடாமல் ஒரே திசையில் திருகுங்கள். சுற்றிலும் மடிப்புகள் எழும்பி மையத்தைச் சுற்ற ஆரம்பிக்கும். இங்கே ஒரு நுணுக்கம். மடிப்புகள் மேசையிலிருந்து மேலே எழும்பிக் குவிய விடாதீர்கள். இன்னொரு கையால் தட்டிப் படிய வைத்துக்கொண்டே வாருங்கள். எல்லா மடிப்பும் இரண்டு விரல் உயரத்தில் ஒரே மட்டமாக இருந்தால் சுருள் சீராக வரும். ஒரு மடிப்பு மிகவும் உயரமாக இருந்தால் அதன் உள்பக்கத்துக்குச் சாயம் எட்டாது, பெரிய வெள்ளைத் திட்டு நிற்கும். கடைசியில் சட்டை முழுக்க ஒரு தட்டையான வட்டமாகிவிடும். அதன் குறுக்கே மூன்று ரப்பர் பேண்டை நட்சத்திரம் மாதிரி போட்டால் ஆறு துண்டுகள் பிரியும். ரப்பர் பேண்டுகள் மையத்தில் ஒன்றையொன்று வெட்ட வேண்டும்.

கட்டிய வட்டத்தைச் சோடாத் தண்ணீரில் 20 நிமிடம் ஊற வையுங்கள். முதலில் அழுத்திப் பிடித்தால் மடிப்புகளுக்குள்ளிருந்து காற்றுக் குமிழி வரும். குமிழி நிற்கும்வரை அழுத்துங்கள், அப்போதுதான் சோடா நடுவரை போயிருக்கிறது என்று அர்த்தம். கையுறையோடு எடுத்து, வட்டம் கலையாமல் இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து நன்றாக அமுக்கித் தண்ணீரை வெளியேற்றுங்கள். சொட்டச் சொட்ட ஈரமாக இருந்தால் சாயம் கட்டுக்கடங்காமல் ஓடும்.

பழைய கம்பித் தட்டோ சல்லடையோ இருந்தால் அதன் மேல் வைத்துச் சாயம் ஊற்றுங்கள். வழியும் சாயம் கீழே தேங்கி அடிப்பக்கத்தைச் சேறாக்காமல் இருக்கும். எதிரெதிர்த் துண்டுகளுக்கு ஒரே நிறம் கொடுக்கலாம், அல்லது வரிசையாக மூன்று நிறத்தையும் சுற்றி வரலாம். பாட்டிலின் மூக்கை மடிப்புக்குள்ளேயே செருகி அழுத்துங்கள். மேலே மட்டும் தூவினால் வெளியே அழகாகத் தெரியும், அவிழ்த்தால் உள்ளே முக்கால்வாசி வெள்ளையாக இருக்கும். ஒரு மடிப்பை விரலால் லேசாக விலக்கிப் பாருங்கள், உள்ளே எவ்வளவு போயிருக்கிறது என்று தெரிந்துவிடும். முடிந்ததும் திருப்பிப் போட்டு, பின்பக்கமும் அதே துண்டுக்கு அதே நிறம்.

சுருள் வேண்டாம் என்றால் வேறு வழிகளும் உண்டு. சட்டையைச் சும்மா கசக்கி உருண்டையாக்கிக் கட்டினால் மேகம் மேகமாக வரும். விசிறி மடிப்பு மடித்து இடைவெளி விட்டுக் கட்டினால் பட்டைகள். கொண்டைக்கடலையைத் துணிக்குள் வைத்து நூலால் கட்டினால் சின்ன வளையங்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கசக்கல் முறையைக் கொடுங்கள், எப்படிச் செய்தாலும் அழகாக வரும்.

காத்திருப்பதும் கழுவுவதும்

சாயம் ஊற்றியதும் சட்டையை வெயிலில் காய வைப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. வெயில்பட்டால் நிறம் இறுகும் என்று ஒரு நம்பிக்கை. உண்மையில் வினை நடக்கத் தண்ணீர் வேண்டும். துணி காய்ந்த நொடியில் எல்லாம் நின்றுவிடும், அதுவரை பிணைந்தது மட்டும்தான் மிச்சம். ஆகவே ஒவ்வொரு சட்டையையும் பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயைக் கட்டி, நிழலில் வைத்துவிடுங்கள். வெப்பம் 21 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். சமவெளியில் அதற்குப் பஞ்சமே இல்லை. மே மாதத்தில் பல நிறங்களுக்கு எட்டு மணி நேரமே போதும். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்கள் ஒரு முழு நாள் விட்டு, பையை வீட்டின் கதகதப்பான மூலையில் வையுங்கள். டர்க்காய்ஸ் மற்ற நிறங்களைவிட மெதுவாக வினைபுரியும். அதனால் எட்டு மணி நேரத்தில் மெஜந்தா பிடித்திருக்கும், நீலம் இன்னும் பாதி வழியில் இருக்கும். சாயங்காலம் செய்து மறுநாள் சாயங்காலம் பிரிப்பதே நல்லது. பிள்ளைகளைச் சமாளிப்பதுதான் கஷ்டம்.

கழுவும்போது நிறைய சாயம் வெளியே வரும், பதற வேண்டாம். போட்ட சாயத்தில் ஒரு கணிசமான பங்கு துணியோடு சேராமல் தண்ணீரோடேயே சேர்ந்துவிடும். அது இனி எதனோடும் பிணையாது. அதை முழுக்க வெளியேற்றுவதுதான் கழுவுதலின் நோக்கம், மிச்சம் வைத்தால் பின்னால் வெள்ளைத் துணியில் கறையாகும்.

வரிசை முக்கியம். முதலில் ரப்பர் பேண்டை அவிழ்க்காமல் குழாயடியில் பச்சைத் தண்ணீர் ஓடவிட்டு அலசுங்கள். சோடாவும் மேலாக இருக்கும் சாயமும் போகும். சோடா போய்விட்டால் கழன்ற சாயத்துக்கு வெள்ளைப் பகுதியைப் பிடிக்கும் சக்தி போய்விடும், அதனால்தான் இந்தப் படியை அவசரப்படுத்தக் கூடாது. தண்ணீர் ஓரளவு வெளிறியதும் கட்டை அவிழ்த்து, மறுபடி பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். அப்புறம் சுடுதண்ணீர். கை வைக்க முடியாத சூட்டில் வாளியில் ஊற்றி, சோப்புத்தூள் போட்டு, சட்டையை அரைமணி நேரம் ஊறப் போடுங்கள். சேராத சாயம் இழைக்குள் ஆழத்தில் இருக்கும், சூடுதான் அதை இளக்கி வெளியே கொண்டுவரும். தண்ணீர் தெளியும்வரை இரண்டு மூன்று முறை இதைச் செய்ய வேண்டும். முடிந்ததா என்று சோதிக்க, ஈரச் சட்டையை ஒரு வெள்ளைக் கைக்குட்டைக்குள் மடித்து அழுத்திப் பாருங்கள். கைக்குட்டையில் நிறம் படவில்லையென்றால் இனி அந்தச் சட்டையை வீட்டுத் துணிகளோடு தாராளமாகச் சேர்த்துத் துவைக்கலாம்.

கறுப்புச் சட்டையில் இதைச் செய்ய முடியுமா என்று கேட்பவர்களுக்கு: சாயத்தால் முடியாது, ப்ளீச்சால் முடியும். கட்டிய சட்டையில் ப்ளீச்சிங் திரவத்தைத் தண்ணீர் கலந்து தெளித்தால் அந்த இடத்தில் கறுப்பு வெளுத்து ஆரஞ்சோ பழுப்போ தெரியும். ஆனால் இது பிள்ளைகளுக்கான வேலை இல்லை. மொட்டை மாடி மாதிரி காற்றோட்டமான இடத்தில்தான் செய்ய வேண்டும். ப்ளீச்சோடு வினிகரையோ வேறு அமிலத்தையோ ஒருபோதும் சேர்க்காதீர்கள், நச்சுக் குளோரின் வாயு வரும். வேண்டிய அளவு வெளுத்ததும் உடனே நிறையத் தண்ணீரில் அலசுங்கள், விட்டுவைத்தால் துணி இற்றுப்போகும்.

மஞ்சள், பீட்ரூட் என்று சமையலறைப் பொருளில் செய்யலாமா என்றும் கேட்பார்கள். பிள்ளைகளோடு ஒரு மத்தியானம் விளையாட நன்றாக இருக்கும். மஞ்சள் பருத்தியில் உடனே ஏறும், சோப்புப் பட்டால் சிவக்கும், வெயிலில் சீக்கிரம் வெளுத்துவிடும். பீட்ரூட் நிறம் சலவைக்கே தாங்காது. இயற்கைச் சாயத்தில் நிலையான நிறம் வேண்டுமென்றால் அவுரி இருக்கிறது. திண்டிவனம், விழுப்புரம் பக்கம் இன்றும் அதைப் பயிரிட்டு நீலச்சாயம் எடுக்கிறார்கள். ஆனால் அவுரித் தொட்டியைப் பராமரிப்பது தனி வித்தை, முதல் சட்டைக்கு அது வேண்டாம்.

மிச்சமான சாயக் கரைசலை மூடி போட்டு, பெரிதாகப் பெயர் எழுதி, குளிர்ந்த இடத்தில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும். சோடாத் தண்ணீரில் சாயம் கலக்காமல் பார்த்துக்கொண்டால் அடுத்த முறைக்கும் அதுவே போதும், சோடா கெட்டுப்போகாது. தூள் டப்பாவில் மட்டும் ஈரம் படக் கூடாது, ஈரக் கரண்டியை உள்ளே விட்டால் மழைக்காலத்துக்குள் அதன் சக்தி குறைந்துவிடும். கரைசல் தீர்வதற்குள் பழைய வெள்ளைத் தலையணை உறை, கைக்குட்டை, வேட்டித் துண்டு எது கிடைத்தாலும் கட்டி முக்கிவிடுங்கள். சாயத் தூளில் செலவழித்த காசுக்கு மூன்று சட்டையோடு இன்னும் நாலைந்து துணி தேறும்.